தாடை எலும்பு ஒட்டு

தாடை எலும்பு ஒட்டு என்பது, பல் இழந்த இடத்தில் தேய்ந்து குறைந்துபோன தாடை எலும்பை, பல் பதியம் பொருத்துவதற்குப் போதுமான அளவுக்கு மீண்டும் பெருக்கும் அறுவை மருத்துவ முறையாகும். பேச்சு வழக்கில் இம்பிளாண்ட் எனப்படும் பல் பதியம், பல்வேரின் இடத்தில் எலும்பினுள் பதிக்கப்படும் திருகு வடிவ உலோகத் தண்டு ஆகும். இதன் மேல் செயற்கைப் பல் பொருத்தப்படுகிறது. திருகைச் சுற்றிப் போதிய எலும்பு இருந்தால்தான் அது மெல்லும் விசையைத் தாங்கி நிற்கும். அவ்வாறு இல்லாதபோது எலும்பைப் பெருக்குவது ஒரு வழி.

ஒட்டாக வைக்கப்படும் பொருள், சுவரின் ஓட்டையை அடைக்கும் பூச்சு போன்றதன்று. பெரும்பாலும் அது, நோயாளியின் சொந்த உயிரணுக்கள் வந்து புதிய எலும்பைக் கட்டுவதற்கு உதவும் சாரம் மட்டுமே. எனவே இம்முறையின் வெற்றி, வைக்கப்படும் பொருளைக் காட்டிலும் அவ்விடத்தின் குருதியோட்டம், ஒட்டின் அசைவின்மை, ஆறுவதற்கு அளிக்கப்படும் காலம் ஆகியவற்றையே அதிகம் சார்ந்துள்ளது.

எலும்பு தேய்வதற்கான காரணங்கள்

தாடையில் பற்களைத் தாங்கும் பகுதி பற்குழி எலும்பு எனப்படுகிறது. இது பல் முளைக்கும்போது உருவாகி, பல் இருக்கும்வரை நிலைத்திருக்கும் எலும்பாகும். பல்வேரையும் குழியின் சுவரையும் நுண்ணிய நார்கள் இணைக்கின்றன. மெல்லும்போது ஏற்படும் விசை இந்நார்களின் வழியே எலும்பை அடைகிறது. எலும்பு தன் மீது படும் விசைக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக் கொள்ளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியசு வோல்ஃப் 1892 இல் விரிவாக எழுதினார். பல் அகற்றப்பட்டதும் நார்களும் அவற்றின் வழியே வந்த விசையும் இல்லாமற் போகின்றன. அதன் பின் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களின் வேலை, எலும்பை ஆக்கும் உயிரணுக்களின் வேலையை மிஞ்சிவிடுகிறது.

இத்தேய்வு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. உதடு, கன்னம் ஆகியவற்றை நோக்கிய வெளிச்சுவர் பல இடங்களில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பு உடையது. முன்பற்களில் இது மேலும் மெல்லியது. அதன் பெரும்பகுதி பல்லின் நார்களைப் பிடித்திருப்பதற்காகவே அமைந்த எலும்பாதலால், பல் போனவுடன் அதுவே முதலில் கரைகிறது. இதனால் பற்குழி முகடு உயரத்தைக் காட்டிலும் அகலத்தில் விரைவாகக் குறைந்து, உட்புறமாக ஒதுங்குகிறது.

தேய்வின் வேகம் குறித்த இரு ஆய்வுகள் பரவலாக எடுத்துக்காட்டப்படுகின்றன:

* 2003 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்ரொப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப் பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் அகற்றப்பட்ட இடங்களில் 12 மாதங்களுக்குள் முகட்டின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அக்குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நிகழ்ந்திருந்தது.
* 1972 இல் டால்கிரென் வெளியிட்ட ஆய்வு, முழுப் பல்செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தது. முன்பகுதியில் கீழ்த்தாடையின் உயரக் குறைவு மேல்தாடையினதைப் போல ஏறத்தாழ 4 மடங்கு என அது கண்டது. தேய்வு மெதுவாகத் தொடர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் காட்டியது.

பல் அகற்றல் தவிர, ஈறு நோய், வேர்முனைச் சீழ்க்கட்டி, விபத்து, கட்டிகளை அகற்றும் அறுவை, பிறவியிலேயே பல் முளைக்காமை ஆகியவையும் எலும்புக் குறைவுக்குக் காரணங்களாகும்.

தேவைப்படும் எலும்பின் அளவு

வழக்கமாகப் பயன்படும் பதியங்கள் ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும் 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. பதியத்தின் இரு பக்கமும் எலும்புச் சுவர் எஞ்சியிருக்க வேண்டும். குறிப்பாக வெளிப்புறத்தில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் எலும்பு இருப்பது நல்லது எனக் கொள்ளப்படுகிறது. எனவே 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பதியத்திற்கு முகட்டின் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இருப்பது விரும்பத்தக்கது.

உயரத்தைப் பொறுத்தவரை இரு இயற்கை எல்லைகள் உள்ளன. கீழ்த்தாடையின் பின்பகுதியில், கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வளிக்கும் நரம்பு எலும்பினுள் ஒரு குழாய் வழியே செல்கிறது. பதியத்தின் முனை இக்குழாயிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். மேல்தாடையின் பின்பகுதியில் வேர்களுக்கு மேலே சைனசு எனப்படும் காற்றறை உள்ளது. கடைவாய்ப் பற்கள் போனபின் முகடு கீழிருந்து தேய்வதோடு, இவ்வறையும் மேலிருந்து கீழ்நோக்கி விரிவடைகிறது. இதனால் அவ்விடத்தில் சில மில்லிமீட்டர் எலும்பே எஞ்சியிருப்பது அரிதன்று.

முன்னர் தட்டையான ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டே எலும்பு மதிப்பிடப்பட்டது. அவை உயரத்தைக் காட்டினும் அகலத்தைக் காட்டா. 1998 இல் இத்தாலியக் குழுவொன்று பல் மருத்துவத்திற்கான கூம்புக்கற்றை சி.டி. கருவியைப் பற்றிய முதல் முடிவுகளை வெளியிட்டது. முப்பரிமாணத்தில் எலும்பையும் நரம்புக் குழாயையும் அளக்க உதவும் இக்கருவி பின்னர் உலகெங்கும் பரவியது. எலும்புக் குறைவை வகைப்படுத்த 1988 இல் காவுட், ஹோவெல் ஆகியோர் வெளியிட்ட ஆறு நிலைப் பகுப்பு பயன்படுகிறது. அதில் முதல் நிலை பல்லுள்ள தாடை. ஆறாம் நிலை முகடு முற்றிலும் அழிந்து உட்குழிந்த தாடை.

வரலாறு

எலும்பு ஒட்டு பல் மருத்துவத்தைக் காட்டிலும் பழமையானது. ஒரு படைவீரரின் மண்டையோட்டுக் காயத்தை நாயின் எலும்பால் சரிசெய்ததைப் பற்றிய குறிப்பு, டச்சு மருத்துவர் யோப் வான் மேக்கரனின் 1668 இல் வெளியான நூலில் உள்ளது. 1880 ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்தில் வில்லியம் மெக்கீவன், பிற நோயாளிகளிடமிருந்து கிடைத்த எலும்புத் துண்டுகளைக் கொண்டு ஒரு சிறுவனின் மேற்கை எலும்பை மீண்டும் உருவாக்கினார்.

பல் பதியத்தின் தற்கால வரலாறு சுவீடனில் தொடங்குகிறது. பெர்-இங்வார் பிரோனமார்க் 1952 இல் லுண்ட் நகரில், முயலின் எலும்பினுள் குருதியோட்டத்தை ஆராய்வதற்காக டைட்டானியக் கூடுகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அவற்றைக் கழற்ற இயலவில்லை. எலும்பு உலோகத்துடன் இறுகப் பிணைந்திருந்தது. 1965 இல் கோதென்பர்க்கில், பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்ட யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக இத்தகைய பதியங்கள் பொருத்தப்பட்டன. அவர் 2006 இல் இறக்கும்வரை அவை பயன்பட்டன. 1982 இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டிற்குப் பின் இம்முறை பரவலான ஏற்பைப் பெற்றது.

தொடக்கத்தில் எலும்பு இருந்த இடத்திலேயே பதியம் வைக்கப்பட்டது. பல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பதியம் வேண்டும் என்ற நோக்கு வளர்ந்தபோது எலும்பைப் பெருக்கும் முறைகளின் தேவையும் வளர்ந்தது. சைனசுத் தளத்தை உயர்த்தும் முறையை அமெரிக்காவில் ஹில்ட் டேட்டம் 1970களின் நடுப்பகுதியில் எடுத்துரைத்தார். பாய்ன், ஜேம்ஸ் ஆகியோர் 1980 இல் அதனை ஆய்விதழில் வெளியிட்டனர். 1988 இல் கோதென்பர்க்கைச் சேர்ந்த டாலின், நீமன் ஆகியோரின் குழு எலிகளின் தாடையில் துளையிட்டு, ஒரு பக்கத்தை டெஃப்லான் வகைச் சவ்வால் மூடி, மறுபக்கத்தைத் திறந்தே விட்டது. மூடிய துளைகளில் எலும்பு நிரம்பியது. திறந்த துளைகளில் மென்திசு புகுந்து எலும்பைத் தடுத்தது. இன்று மிகுதியாகச் செய்யப்படும் ஒட்டு முறைக்கு இவ்வாய்வே அடிப்படையாகும்.

எலும்பு உருவாகும் விதம்

ஒட்டுப் பொருள் மூன்று வழிகளில் உதவக்கூடும்.

1. எலும்பாக்கம்: ஒட்டில் உள்ள உயிருள்ள அணுக்களே எலும்பை உருவாக்குதல். நோயாளியின் உடலிலிருந்து புதிதாக எடுக்கப்பட்ட எலும்புக்கு மட்டுமே இப்பண்பு உண்டு.
2. எலும்பு தூண்டல்: ஒட்டில் உள்ள புரதங்கள், அருகிலுள்ள முதிரா உயிரணுக்களை எலும்பாக்கும் உயிரணுக்களாக மாறச் செய்தல். இப்பண்பை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965 இல் வெளியிட்டார்.
3. எலும்புக்குச் சாரமாதல்: ஒட்டின் துகள்களுக்கு இடையே குருதிக் குழாய்களும் உயிரணுக்களும் படர்ந்து, அவற்றின் மேல் புதிய எலும்பைப் படியச் செய்தல்.

வைக்கப்பட்ட ஒட்டினுள் முதலில் குருதி உறைகிறது. சில நாட்களில் பழைய எலும்பிலிருந்து நுண்குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. பின்னர் நெகிழ்வான இளம் எலும்பு தோன்றி, மாதங்கள் செல்லச்செல்ல முதிர்ந்த எலும்பாக மாறுகிறது. குருதிக் குழாய்கள் பழைய எலும்பிலிருந்தே வர வேண்டியிருப்பதால், சுற்றிலும் எத்தனை எலும்புச் சுவர்கள் உள்ளன என்பது முடிவைத் தீர்மானிக்கிறது. நான்கு புறமும் சுவருள்ள புதிய பற்குழி எளிதாக நிரம்புகிறது. பக்கவாட்டில் அகலத்தைக் கூட்டுவது அதைவிடக் கடினம். தட்டையான முகட்டின் மேல் உயரத்தைக் கூட்டுவது எல்லாவற்றிலும் கடினமானது. ஏனெனில் அங்கு அடித்தளம் ஒன்றே சுவராகும்.

ஒட்டுப் பொருள்கள்

* தன்னொட்டு: நோயாளியின் சொந்த எலும்பு. கீழ்த்தாடையின் பின்பகுதி, முகவாய், இடுப்பெலும்பின் விளிம்பு முதலிய இடங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. மூன்று பண்புகளும் உடையது; நோய்த்தொற்றோ ஒவ்வாமையோ பிறரிடமிருந்து வரும் அச்சம் இல்லை. இரண்டாவது இடத்தில் காயம், வலி, கிடைக்கும் அளவின் வரம்பு, வைத்தபின் ஓரளவு கரைந்துபோதல் ஆகியவை குறைகள்.
* பிறர் ஒட்டு: கொடையாளர்களின் எலும்பைத் திசு வங்கிகளில் பதப்படுத்தி, உறைநிலையில் உலர்த்திப் பெறுவது. உயிரணுக்கள் இல்லை.
* வேற்றின ஒட்டு: விலங்குகளிடமிருந்து, பெரும்பாலும் மாட்டின் எலும்பிலிருந்து, கரிமப் பொருள்கள் நீக்கப்பட்டு எஞ்சும் தாதுப்பகுதி. மிக மெதுவாகக் கரைவதால் பல ஆண்டுகள் வடிவத்தைத் தாங்கி நிற்கும். பன்றி, குதிரை ஆகியவற்றிலிருந்தும் பெறப்படுகிறது.
* செயற்கை ஒட்டு: ஐதராக்சிஅபடைட்டு, முக்கால்சியம் பாசுபேட்டு, உயிர்வினைக் கண்ணாடி முதலியன. சாரமாக மட்டுமே செயற்படுகின்றன.
* வளர்ச்சிக் காரணிகள்: எலும்பு தூண்டும் புரதமொன்றைச் சைனசு உயர்த்தலுக்கும் பற்குழிச் சீரமைப்புக்கும் பயன்படுத்த 2007 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. நோயாளியின் குருதியைச் சுழற்றிப் பிரித்துப் பெறும் ஃபைப்ரின் படலத்தை 2001 இல் பிரான்சின் சோசப் சுக்ரூன் அறிமுகப்படுத்தினார். இது மென்திசு ஆறுவதற்கு உதவுகிறது. தனியாக எலும்புக்கு மாற்றாகாது.

நடைமுறையில் தன்னொட்டுத் துகள்களை மெதுவாகக் கரையும் வேற்றின ஒட்டுடன் கலந்து வைப்பது வழக்கம். முன்னது உயிரணுக்களையும், பின்னது நிலைத்த வடிவத்தையும் தருகின்றன.

அறுவை முறைகள்

பற்குழிக் காப்பு

பல்லை அகற்றிய உடனேயே குழியில் ஒட்டுத் துகள்களை இட்டு மூடுவது. இது தேய்வைக் குறைக்கிறது, முற்றிலும் நிறுத்துவதில்லை. பின்னாளில் பெரிய அறுவை தேவைப்படும் வாய்ப்பைக் குறைப்பதே இதன் பயன். முதல் 3 மாதங்களிலேயே தேய்வின் பெரும்பகுதி நிகழ்வதால், பதியம் வேண்டுமா என்ற பேச்சு பல் அகற்றலுக்கு முன்பே நிகழ்வது நல்லது.

சவ்விட்டு எலும்பு வளர்த்தல்

ஈற்றைத் திறந்து, குறைவான பகுதியில் துகள்களைப் பரப்பி, அதன் மேல் சவ்வை விரித்து, ஈற்றை இழுவிசையின்றித் தைக்கும் முறை. ஈற்றின் மென்திசு எலும்பைவிட விரைவாக வளரக்கூடியது. சவ்வு அதனைத் தடுத்து எலும்புக்கு இடத்தைக் காத்துத் தருகிறது. தானே கரையும் கொலாசன் சவ்வு பெரும்பாலும் பயன்படுகிறது. உயரத்தைக் கூட்ட வேண்டியபோது, டைட்டானியக் கம்பிகளால் வலுவூட்டப்பட்ட கரையாத சவ்வு அல்லது டைட்டானிய வலை பயன்படுகிறது. இதனைப் பின்னர் அகற்ற வேண்டும்.

கட்டி ஒட்டு

தாடையின் வேறிடத்திலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பைக் கட்டியாக எடுத்து, நுண்திருகுகளால் முகட்டில் இறுக்குவது. ஒட்டு சிறிதளவு அசைந்தாலும் குருதிக் குழாய்கள் அறுந்து, எலும்புக்குப் பதிலாக நார்த்திசு உருவாகும். எனவே இறுக்கம் இன்றியமையாதது.

சைனசுத் தளம் உயர்த்தல்

மேல்தாடையின் பக்கச் சுவரில் சிறு சாளரம் திறந்து, உள்ளே படிந்துள்ள மெல்லிய சவ்வைக் கிழியாமல் மேல்நோக்கி உயர்த்தி, இடையே கிடைக்கும் வெற்றிடத்தில் ஒட்டை நிரப்பும் முறை. எடுத்துக்காட்டாக, 4 மில்லிமீட்டர் எலும்பே உள்ள இடத்தில் 10 மில்லிமீட்டர் நீளப் பதியம் வைக்க வேண்டுமாயின், ஏறத்தாழ 6 முதல் 8 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். எலும்பு ஓரளவு கூடுதலாக இருந்தால், சாளரம் திறக்காமல் பதியத்திற்கான துளையின் வழியாகவே தளத்தைத் தட்டி உயர்த்தலாம். இவ்வெளிய முறையை 1994 இல் இராபர்ட் சம்மர்சு விளக்கினார்.

முகடு பிளத்தலும் இழுத்து வளர்த்தலும்

உயரம் போதிய அளவு இருந்து அகலம் மட்டும் குறைந்த முகட்டை நீளவாட்டில் பிளந்து விரிப்பது முதல் வகை. எலும்பை வெட்டி, கருவியின் உதவியால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கி, இடைவெளியில் புதிய எலும்பை வளரச் செய்வது இரண்டாம் வகை. கால் எலும்புகளை நீட்ட உருசிய மருத்துவர் இலிசாரொவ் வகுத்த கோட்பாட்டிலிருந்து இது வந்தது.

ஆறும் காலம்

சிறு குறைவெனில் பதியத்தையும் ஒட்டையும் ஒரே அமர்வில் வைக்கலாம். பதியம் தொடக்கத்திலேயே அசையாமல் நிற்கப் பழைய எலும்பு போதுமா என்பதே இதற்கான அளவுகோல். போதாதெனில் முதலில் ஒட்டு வைத்து, பின்னரே பதியம் வைக்கப்படும். பற்குழிக் காப்புக்கு 3 முதல் 6 மாதங்களும், கட்டி ஒட்டுக்கு 4 முதல் 6 மாதங்களும், சைனசு உயர்த்தலுக்கு 6 முதல் 9 மாதங்களும் பொதுவாக விடப்படுகின்றன. பதியம் பிணைய மேலும் சில மாதங்கள் ஆகும். எனவே பல் அகற்றலிலிருந்து மேற்பல் பொருத்தப்படும்வரை ஓராண்டு அல்லது அதற்கு மேலும் ஆகக்கூடும்.

சிக்கல்கள்

வீக்கமும் சில நாள் வலியும் இயல்பானவை. குறிப்பிடத்தக்க சிக்கல்கள் வருமாறு:

* தையல் விரிந்து ஒட்டோ சவ்வோ வெளித்தெரிதல். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் புகுந்து ஒட்டின் ஒரு பகுதி அல்லது முழுவதும் இழக்கப்படலாம்.
* சைனசுச் சவ்வு கிழிதல். சாளர முறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது நேர்கிறது. சிறு கிழிசலைச் சவ்விட்டு மூடலாம். பெரிதெனில் அறுவையை ஒத்திவைக்க நேரிடும்.
* நரம்புப் பாதிப்பு. முகவாயிலிருந்து எலும்பு எடுக்கும்போது கீழ் முன்பற்களும் முகவாயும் மரத்துப் போகலாம். சிலருக்கு இது நிலைத்துவிடும்.
* வளர்ந்த எலும்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கரைதல்.

புகைபிடித்தல் குருதியோட்டத்தைக் குறைத்து ஒட்டின் தோல்வியைக் கூட்டுகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் ஆறாத ஈறு நோயும் முதலில் சீர்செய்யப்பட வேண்டும். தாடைக்குக் கதிர்வீச்சு மருத்துவம் பெற்றவர்களுக்கு ஒட்டு ஆறாமல் எலும்பு மடியும் ஆபத்து உண்டு. எலும்புத் தேய்வுக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் பிசுபாசுபோனேட்டு வகை மருந்துகளாலும் தாடையெலும்பு மடியக்கூடும் என்பதை 2003 இல் இராபர்ட் மார்க்சு சுட்டிக்காட்டினார். இம்மருந்துகளை எடுப்பவர்கள், ஊசியாகப் பெறுபவர்கள் உட்பட, அதனைப் பல் மருத்துவரிடம் கூறுவது கட்டாயமாகும். தாடை வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்குப் பதியம் பொதுவாக வைக்கப்படுவதில்லை.

மாற்று வழிகள்

எலும்பு குறைந்த அனைவருக்கும் ஒட்டு தேவைப்படுவதில்லை.

* குறும் பதியம்: 6 மில்லிமீட்டர் அளவிலான பதியங்கள். மேல்தாடைப் பின்பகுதியில், சைனசை உயர்த்தி வைக்கும் நீண்ட பதியங்களுடன் ஒப்பிட்ட ஆய்வுகளில், 5 ஆண்டுக் காலத்தில் இவை ஏறத்தாழ ஒத்த அளவில் நிலைத்தன. சிக்கல்களும் குறைவாக இருந்தன.
* சாய்வுப் பதியம்: பல்லில்லாத தாடையில், பின்பதியங்களைச் சாய்த்து வைத்து, நான்கே பதியங்களில் முழு வரிசையையும் தாங்கச் செய்யும் முறை. போர்த்துக்கலின் பாவுலோ மாலோ இதனைப் பரப்பினார்.
* கன்ன எலும்புப் பதியம்: மேல்தாடை மிகத் தேய்ந்தவர்களுக்கு, நீண்ட பதியத்தைக் கன்ன எலும்பில் நங்கூரமிடுவது.
* பதியம் தாங்கும் பல்செட்டு: கீழ்த்தாடையின் முன்பகுதியில் எலும்பு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அங்கு இரு பதியங்கள் வைத்துக் கழற்றி மாட்டும் பல்செட்டைப் பிடிக்கச் செய்யலாம். பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என 2002 இல் மொன்றியலில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர்.
* பற்பாலமும் கழற்றும் பல்செட்டும்: அறுவை தேவைப்படாத பழைய முறைகள்.
* இடைவெளியை அப்படியே விடுதல்: பின்கடைவாய்ப் பற்கள் சில இல்லாவிடினும் போதிய அளவு மெல்ல இயலும் என்பதை நெதர்லாந்தின் கைசர் 1981 இல் எடுத்துக்காட்டினார்.

நோயாளியின் ஒப்புதல்

ஒட்டு உயிர்காக்கும் அறுவையன்று. மெல்லும் திறனுக்காகவும் தோற்றத்திற்காகவும் நோயாளி தேர்ந்துகொள்ளும் ஒன்று. எனவே மாற்று வழிகளும் மொத்தக் காலமும் செலவும் முன்கூட்டியே விளக்கப்பட வேண்டும். ஒட்டுப் பொருளின் மூலமும் இதில் அடங்கும். மாட்டு எலும்பு, பன்றியிலிருந்து பெறும் கொலாசன் சவ்வு, இறந்தோரின் எலும்பு ஆகியவை சமய நம்பிக்கையாலோ உணவு நெறியாலோ சிலருக்கு ஏற்புடையவை அல்ல. பொதிகளில் வணிகப் பெயர் மட்டுமே முதன்மையாக இருப்பதால், கேட்டாலன்றி இது நோயாளிக்குத் தெரியவருவதில்லை. பெரும்பாலான சூழல்களில் செயற்கை ஒட்டையோ தன்னொட்டையோ மாற்றாகப் பயன்படுத்த இயலும். எந்தப் பொருள் வைக்கப்பட்டது என்பதை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்வது, பின்னாளில் வேறொரு மருத்துவரிடம் செல்ல நேரும்போதும் பயன்படும்.